ஓட்டு போட்டும் செல்லாமல் போவது ஏன்? தபால் வாக்கு: கேள்வி-பதில்

தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவில் பல தேர்தல்களைப் பார்த்தவன் நான். தபால் ஓட்டைப் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பாட்டிக்கு 87 வயது. படுத்த படுக்கைதான். வீட்டிலிருந்தே ஓட்டுப் போட என்ன செய்ய வேண்டும்?

படிவம் 12-டி வேண்டும். 85 வயது நிறைந்தவர்களுக்கும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் இந்த வசதி உண்டு. முன்பு 80 வயது என்று இருந்ததை 2024-இல் 85 ஆக்கிவிட்டார்கள். வயதுக்கு வாக்காளர் பட்டியல்தான் கணக்கு. பட்டியலில் 83 என்று தப்பாக இருந்தால் பாட்டி ஜாதகத்தைக் காட்டினாலும் எடுபடாது. தேர்தல் வருவதற்கு முன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

படிவத்தைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டியதில்லை. உங்கள் பூத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ. என்போமே, அவர்தான்) வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்து, நிரப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். பாகம் எண், வரிசை எண், செல்பேசி எண் மூன்றையும் சரியாக எழுதுங்கள். ஊனமுற்றவர் என்றால் சான்றிதழ் நகலையும் இணைக்க வேண்டும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது தேதியில்தான். தேர்தல் அறிவிப்பு ஒரு நாள் வரும். வேட்புமனு தொடங்கும் நாளில் வெளியாகும் அறிவிக்கை வேறு. அந்த அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் 12-டி தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போயாக வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அறிவிக்கை மார்ச் 20, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது, ஓட்டுப்பதிவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே கதவு மூடிவிட்டது. ஏப்ரலில் வந்து "சார், அம்மாவுக்கு முடியலை" என்றால் அலுவலகத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால், வாக்குப்பதிவுக்கு முன்னதாக ஒரு தேதி சொல்லிவிட்டு இரண்டு தேர்தல் அலுவலர்கள், வீடியோ எடுப்பவர், போலீஸ் என்று ஒரு குழு வரும். வேட்பாளரின் முகவர்களும் உடன் வரலாம். இத்தனை பேரைப் பார்த்துப் பாட்டி மிரளாமல் இருக்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மறைவுத் தட்டி வைத்துத்தான் ஓட்டு; கேமரா ஓட்டுச்சீட்டுப் பக்கம் திரும்பாது. கண் தெரியாதவருக்கும் கை நடுங்குபவருக்கும் துணையாக ஒருவர் உதவலாம். மற்றபடி பக்கத்தில் நின்று "அதுல போடு பாட்டி" என்று சொல்லும் வேலை வேண்டாம். அன்று வீட்டில் இல்லாமல் போனால் இன்னொரு முறை வருவார்கள். மூன்றாவது தடவை கிடையாது.

12-டி கொடுத்துவிட்டார் என் அப்பா. இப்போது உடம்பு தேறிவிட்டது, பூத்துக்கே போகிறேன் என்கிறார். போகலாமா?

முடியாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். பூத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். வீட்டிலிருந்து ஓட்டுப் போடுவது கட்டாயமில்லை. போகிற தெம்பு இருக்கும் என்று தோன்றினால் படிவமே கொடுக்காமல் இருப்பது நல்லது.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். தேர்தல் பணி போட்டிருக்கிறார்கள். படிவம் 12-ஆ, 12-ஏ-வா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உங்களுக்கு எங்கே பணி என்பதைப் பொறுத்தது. உங்கள் ஓட்டு இருக்கும் தொகுதிக்குள்ளேயே பணி என்றால் 12-ஏ. அதைக் கொடுத்தால் தேர்தல் பணிச் சான்று (இ.டி.சி.) கிடைக்கும், வேலை பார்க்கிற பூத்திலேயே இயந்திரத்தில் ஓட்டுப் போட்டுவிடலாம். வெளித்தொகுதி என்றால் படிவம் 12, தபால் ஓட்டு. மக்களவைத் தேர்தலில் தொகுதி பெரிது, அதனால் பலருக்கு இ.டி.சி.யே போதும். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதியில் பணி போடுவதில்லை என்பதால் தபால் ஓட்டுதான்.

முதல் பயிற்சி வகுப்பிலேயே படிவத்தை, பணி ஆணை நகலோடும் வாக்காளர் அட்டை நகலோடும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். "அடுத்த வகுப்பில் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களுக்குத்தான் ஓட்டுச்சீட்டு வராமல் போகிறது. ஏனென்றால் உங்கள் படிவம் உங்கள் சொந்தத் தொகுதி அலுவலருக்குப் போய், அங்கிருந்து சீட்டு திரும்பி வர வேண்டும்.

இன்னொரு மாற்றம் 2023-இல் வந்தது. முன்பெல்லாம் ஓட்டுச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், வாக்கு எண்ணிக்கை காலைவரை எப்போது வேண்டுமானாலும் தபாலில் சேர்க்கலாம். அத்தனை நாள் கையில் சீட்டு இருந்தால் யார் யார் வந்து கேட்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வாக்காளர் சேவை மையத்திலேயே வாங்கி, அங்கேயே போட்டு, அங்கேயே பெட்டியில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால் நல்ல ஏற்பாடுதான்.

தபால் ஓட்டுகள் இவ்வளவு செல்லாமல் போவது ஏன்? படித்தவர்கள்தானே போடுகிறார்கள்?

எண்ணும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதைவிட வருத்தமான வேலை கிடையாது. உறையைப் பிரிப்போம், உள்ளே ஓட்டு இருக்கிறது என்று தெரியும், திறக்க முடியாது.

விஷயம் இதுதான். ஓட்டுச்சீட்டு சின்ன உறைக்குள் (13-பி) போக வேண்டும். உறுதிமொழிப் படிவம் (13-ஏ) அதற்குள் போகக் கூடாது. ஒட்டிய சின்ன உறை, 13-ஏ இரண்டையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் (13-சி) வைக்க வேண்டும். எண்ணும்போது முதலில் பெரிய உறையைப் பிரித்து 13-ஏ-வைத் தேடுவோம். அது இல்லையென்றாலோ, அதில் உங்கள் கையெழுத்து இல்லையென்றாலோ, சான்றொப்பம் (கையெழுத்து உங்களுடையதுதான் என்று ஓர் அலுவலர் போடும் ஒப்பம்) இல்லையென்றாலோ, அதிலுள்ள வரிசை எண்ணும் சின்ன உறையின் எண்ணும் ஒத்துப் போகவில்லையென்றாலோ, சின்ன உறையைத் திறக்காமலே தள்ளி வைத்துவிடுவோம். 13-ஏ-வைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிய தலைமையாசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சான்றொப்பம் சின்ன விஷயம் இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி அங்கே தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. வழக்கு நடந்து, 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமும் முடிந்து போனது. இப்போது சேவை மையத்திலேயே சான்றொப்பமிட அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் உட்கார்ந்திருப்பார், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், சீட்டில் டிக் அல்லது பெருக்கல் குறி மட்டும் போதும். கையெழுத்துப் போட்டாலோ பெயர் எழுதினாலோ செல்லாது.

மருத்துவமனையில் செவிலியர். அன்று பகல் ஷிப்ட். தபால் ஓட்டு கிடைக்குமா?

உங்கள் துறை அந்தத் தேர்தலுக்கான அத்தியாவசியப் பணிகள் பட்டியலில் இருந்தால் கிடைக்கும். உங்களுக்கும் 12-டிதான், அதே ஐந்து நாள் கெடுதான். ஆனால் துறையின் பொறுப்பு அலுவலர் சான்று வேண்டும். வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். வாக்குப்பதிவுக்கு முன் மூன்று நாள் திறந்திருக்கும் தபால் வாக்கு மையத்துக்கு நீங்களே போக வேண்டும்.

சொந்த ஊர் தென்காசி, வேலை பெங்களூரில். என் தம்பி துபாயில். எங்களுக்கு?

இருவருக்கும் இல்லை. நீங்கள் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும், அல்லது பெயரை பெங்களூருக்கு மாற்றிக்கொள்ளலாம். தம்பி படிவம் 6-ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். ஆனால் ஓட்டு நாளில் பாஸ்போர்ட்டோடு ஊர் பூத்துக்கு நேரில் வர வேண்டும்.

கணவர் ராணுவத்தில், பதான்கோட்டில். நானும் அங்கேதான் இருக்கிறேன்.

அவர் படைப்பிரிவு வழியாகப் பணி வாக்காளராகப் பதிந்தால், கூடவே வசிக்கும் நீங்களும் அப்படியே பதியலாம். 18 வயதான பிள்ளைக்கு இது பொருந்தாது. ஓட்டுச்சீட்டு இணையம் வழியாக வரும். அச்சிட்டு, குறியிட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். இந்த முறையை முதலில் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்தில்தான்: 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். திரும்பிப் போகும் உறை எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் சேர வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம் தாமதமானாலும் எண்ண மாட்டார்கள், ஆகவே கையில் கிடைத்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

வித்தியாசம் குறைவாக இருந்தால்தான் தபால் ஓட்டை எண்ணுவார்களாமே?

யாரோ கிளப்பிவிட்ட கதை. காலை 8 மணிக்கு முதலில் எண்ணத் தொடங்குவதே தபால் ஓட்டைத்தான். இயந்திரங்கள் அரை மணி நேரம் கழித்துத்தான். வித்தியாசம் வேறொரு இடத்தில் முக்கியமாகிறது: வெற்றி வித்தியாசம், செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், தள்ளிய அத்தனை சீட்டையும் மறுபடி எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் முடிவை அறிவிக்க வேண்டும்.