அடுப்புக் கொடியில் காய்ந்த சொக்ஸ்

வணக்கம் அண்ணா,

நாங்கள் ஹட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகள் படிக்கும் தனியார் ஆயத்தப் பாடசாலை, ஒரு டீச்சரின் வீட்டு முன்னறையில் 11 பிள்ளைகளோடு தொடங்கியது. அதில் 4 பேர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள். மழையில் நனைந்து வருகிறவர்களின் சொக்ஸைக் கழற்றி, அடுப்புக்கு மேலே கொடி கட்டி டீச்சரே காயப் போடுவார். இப்போது தரம் 5 வரை 140 பேர். மூன்றாம் மாடி கட்டக் காசு கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் வளர்ச்சி என்கிறார்கள், எனக்கு மனம் ஒட்டவில்லை. நான் நினைப்பது பிழையா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையே இல்லை. ஆனால் டீச்சரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளிக்கூடம் தொடங்குவதை இலங்கையில் 1961இல் வந்த சட்டம் தடுத்துவிட்டது. அதனால்தான் இப்படிப்பட்ட இடங்கள் கம்பனியாகப் பதிவு செய்துகொண்டு நடக்கின்றன. அரசாங்கச் சம்பளம் வராது. வாடகை, கரண்ட் பில், ஆசிரியர் சம்பளம் எல்லாம் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். 11 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

நான் வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். எங்கள் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பு. கரும்பலகையில் நடுவே கோடு இழுத்து, இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புக் கணக்கு, அந்தப் பக்கம் நாலாம் வகுப்புத் தமிழ் எழுதுவார். தகரத்தில் மழை இறங்கினால் அவர் குரல் கேட்காது. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மழை விடும்வரை உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் குருத்தலாவையில் புனித தோமஸ் கல்லூரி இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசையில் இருந்த அதன் தாய்ப் பள்ளியின் கட்டடங்களைப் படையினர் எடுத்துக்கொண்டதால் 1942இல் இங்கே ஆரம்பித்த பள்ளி அது. நாங்கள் அதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே போகலாம் என்ற நினைப்புக்கூட வந்ததில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என் கண் அந்த 4 பிள்ளைகளிடமே நின்றுவிட்டது. தோட்டத்துத் தாய் ஒருத்தி கட்டணம் கொடுத்து, டவுன் பிள்ளைகளோடு ஒரே அறையில் தன் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறாள். என் அம்மாவுக்கு அது கனவிலும் வராத காரியம். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021இல்தான். அதிலும் கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அடைமழை மாதத்தில் வேலை நாளும் குறையும், பள்ளிக் கட்டணம் மட்டும் குறையாது. மாடிக்கு வாங்கும் கடனும் கடைசியில் அந்தக் கட்டணத்தின் மேல்தான் ஏறும்.

140 சொக்ஸை ஓர் அடுப்பில் காய வைக்க முடியாது, சரி. அதை விடுங்கள். அடுத்த பெற்றார் கூட்டத்தில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்: இந்த வருடம் லயத்திலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், கட்டணம் பிந்தினால் பிள்ளையை என்ன செய்கிறீர்கள்? டீச்சரிடம் பதில் இருந்தால் மாடிக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். இல்லையென்றால், முதலில் 10 பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம், அப்புறம் மாடி என்று நீங்களே எழுந்து சொல்லுங்கள். நாலு பெற்றார் சேர்ந்து சொன்னால் நிச்சயம் கேட்பார். சொக்ஸ் காயப் போட்ட கை அது.