டிசம்பர் 15 டெட்லைன், டிசம்பர் 6 ஜிஆர்இ: நேரம் போதுமா?

வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று மாதம் ஆன தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். கணினித் துறையில் எம்.எஸ். படிக்க நான்கு பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இரண்டுக்கு டிசம்பர் 15, ஒன்றுக்கு ஜனவரி 15, மற்றொன்றுக்கு பிப்ரவரி 1 கடைசி நாள். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்கு டிசம்பர் 6-இல் ஸ்லாட் போட்டிருக்கிறார். "இது போதுமா அக்கா, இல்லை இந்த வருஷத்தை விட்டுவிடவா?" என்பது கேள்வி.

வருஷத்தை விட வேண்டாம். ஆனால் இப்போது அக்டோபர் பாதிதான் ஆகிறது, டிசம்பர் 6-ஐ முன்னால் நகர்த்தப் பாருங்கள்.

கணக்கு இதுதான். தேர்வு எழுதிய 8 முதல் 10 நாட்களில் அதிகாரப்பூர்வ ஸ்கோர் தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனத்தில் உள்ள உங்கள் கணக்கில் வரும். டிசம்பர் 6-இல் எழுதினால் 14-க்கும் 16-க்கும் நடுவில் வரும், உங்கள் டெட்லைன் சரியாக அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. அதோடு வேலை முடியாது. ஸ்கோர் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே உங்கள் விண்ணப்பத்தோடு பொருத்தப்பட்டு, அவர்களின் விண்ணப்ப இணையப் பக்கமான போர்ட்டலில் 'வந்து சேர்ந்தது' என்று காட்டுவதற்கு இன்னும் சில வேலைநாட்கள் பிடிக்கும். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அந்த வாரக் கடைசியில் அட்மிஷன் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் நிலைமை அதைவிட மோசம்.

டிசம்பர் 15-க்குப் பாதுகாப்பான கடைசி நாள் என்று நான் சொல்வது நவம்பர் 28-ஐ ஒட்டி. அதுவும் இரண்டாவது முயற்சிக்கான நாளாக இருக்கட்டும். ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் 21 நாள் இடைவெளி கட்டாயம், 12 மாதத்துக்குள் 5 முறைதான் எழுதலாம். ஸ்கோரை கேன்சல் செய்தாலும் அந்த முறை கணக்கில் சேரும். ஆகவே முதல் முயற்சி நவம்பர் 7-க்குள் முடிந்தால்தான் 28-இல் மறுபடி உட்கார முடியும். டிசம்பர் 6-இல் முதல் முறை எழுதி, குவான்ட் என்ற கணக்குப் பகுதி சொதப்பிவிட்டால் மறு வாய்ப்பு டிசம்பர் 27-இலிருந்துதான். அது ஜனவரி, பிப்ரவரி கல்லூரிகளுக்கு உதவும், டிசம்பர் கல்லூரிகளுக்கு உதவாது. தேதி மாற்றுவதென்றால் தேர்வுக்கு நான்கு நாள் முன்பே மாற்றிவிட வேண்டும், தேர்வு நாளை அந்த நான்கில் சேர்க்கக் கூடாது. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. தவறவிட்டால் கட்டிய 220 டாலரும் போய்விடும்.

அடுத்து, 'டெட்லைன்' என்று அந்தத் துறை எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இதைப் பார்க்காமலேயே பலர் பதறுகிறார்கள். சில துறைகளுக்கு அதிகாரப்பூர்வ ஸ்கோர் அந்த நாளுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும். சில துறைகளுக்கு அந்த நாளுக்குள் தேர்வை எழுதியிருந்தால் போதும், ஸ்கோர் பின்னால் வரலாம். இன்னும் சிலர் நீங்களே நிரப்பும் ஸ்கோரை வைத்துப் பரிசீலித்துவிட்டு, இடம் கொடுத்த பிறகுதான் அதிகாரப்பூர்வ ஸ்கோரைக் கேட்பார்கள். இதைத் தவிர, 2020-க்குப் பிறகு ஜிஆர்இ-யைக் கட்டாயமில்லை என்று ஆக்கிய துறைகளும், அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று சொல்லும் துறைகளும் நிறைய. கிராஜுவேட் ஸ்கூல் பக்கத்தில் ஒன்று இருக்கும், துறையின் பக்கத்தில் வேறொன்று இருக்கும். துறை சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாக இல்லையென்றால் துறையின் கிராஜுவேட் கோ-ஆர்டினேட்டருக்கு இரண்டு வரி மெயில் போதும்: நான் இன்ன தேதியில் ஜிஆர்இ எழுதுகிறேன், அதிகாரப்பூர்வ ஸ்கோர் டெட்லைனுக்கு ஓரிரு நாள் பிந்தி வந்தால் என் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுமா? பதிலைச் சேமித்து வையுங்கள். இரவு 11:59 என்பது எந்த ஊர் நேரம் என்பதையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் இருப்பது கிழக்குக் கரை, கலிஃபோர்னியாவில் மணி மூன்று குறைவு.

ஸ்கோர் வரும்வரை விண்ணப்பத்தை அனுப்பாமல் வைத்திருப்பது வேண்டாத வேலை. பெரும்பாலான படிவங்களில் 'எழுதப்போகும் தேதி' என்று போட இடம் இருக்கும். அதை நிரப்பி, மற்ற எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிடுங்கள், ஸ்கோர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். தேர்வு மையத்தில் எழுதினால் தேர்வு முடிந்ததும் வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதி, குவான்ட் இரண்டின் ஸ்கோரும் திரையில் தெரியும். கட்டுரைப் பகுதிக்கு ஸ்கோர் அப்போது வராது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் குத்துமதிப்பாக நிரப்பாதீர்கள். பின்னால் வரும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது உங்கள் நேர்மையைப் பற்றிய கேள்வி ஆகிவிடும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இங்கே வெளிநாட்டுக் குடியுரிமையோடு தேர்வு எழுதுகிறவர் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். காலாவதியாகாத அசல் வேண்டும், நகல் செல்லாது. இடிஎஸ் கணக்கில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தேர்வு மைய வாசலில் திருத்த மாட்டார்கள். நம் பாஸ்போர்ட்டுகளில் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு லைசென்ஸில் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு ஒரு மாதிரி, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோடு இன்னொரு மாதிரி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். பல்கலைக்கழகக் கணினி ஸ்கோரைப் பெயர், பிறந்த தேதி, மெயில் முகவரி ஆகியவற்றை வைத்துத்தான் பொருத்துகிறது. இடிஎஸ் கணக்கிலும் விண்ணப்பத்திலும் ஒரே பெயரை, ஒரே வரிசையில், ஒரே மெயிலோடு போடுங்கள். சான்றிதழில் உள்ள பெயரை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் எழுதுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால், கணக்கில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று இடிஎஸ்ஸிடம் கேட்டு இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.

தேர்வு நாளில் நான்கு இடங்களுக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்பலாம், உங்களுக்கு அளவெடுத்த மாதிரி நான்குதான் இருக்கிறது. அதன்பின் ஒவ்வொன்றுக்கும் பணம். ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வரும், ஆனால் குறிப்புத்தாள் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. கல்லூரியின் முழுப் பெயர், ஊர், நான்கு இலக்கக் குறியீட்டு எண் மூன்றையும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்று தேடினால் வளாகங்கள் வரிசையாக வரும். பெர்க்லிக்கு 4833, லாஸ் ஏஞ்சலஸுக்கு 4837. பதற்றத்தில் ஒரு வரி கீழே அழுத்தினால் உங்கள் ஸ்கோர் வேறு ஊருக்குப் போய்விடும்.

ஸ்கோரைக் காட்டும் முன் 'வைத்துக்கொள்ளவா, கேன்சல் செய்யவா' என்று கேட்கும். கேன்சல் செய்ய ஒரு காரணமும் இல்லை. நீங்கள் அனுப்பாதவரை யாரும் பார்க்கப்போவதில்லை. எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் அனுப்பாமல் மறுபடி எழுதுவது என்பதை முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. அன்று அனுப்பினால் கடைசித் தேர்வு மட்டும் அல்லது எல்லாத் தேர்வும் என்ற இரண்டு வழிதான். பழையதில் ஒன்றைப் பொறுக்கி அனுப்புவது பின்னால், பணம் கட்டி அனுப்பும்போது மட்டும்.

வீட்டிலிருந்தும் எழுதலாம், எந்த நேரமும் ஸ்லாட் கிடைக்கும். இருந்தும் டெட்லைன் நெருக்கத்தில் நான் மையத்தையே சொல்வேன். வீட்டில் ஒரு திரைதான் இருக்கலாம், ஹெட்ஃபோன் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து எழுத முடியாது. கணக்குப் போட வெள்ளைப் பலகை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் செருகிய தாள்தான், சாதாரண நோட்டுத்தாள் செல்லாது. இன்டர்நெட் அறுந்தாலோ, பக்கத்து அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாலோ பிரச்சினை. சந்தேகம் எழுந்தால் ஸ்கோரைப் பரிசீலனையில் நிறுத்திவைப்பார்கள், அந்த 8 முதல் 10 நாள் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். மையத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. டிசம்பரில் பனிப்புயல் வந்தால் மையத்தையே மூடுவார்கள். வேறு தேதி கொடுப்பார்கள், ஆனால் அது உங்கள் டெட்லைனைப் பார்த்துக் கொடுக்கும் தேதியாக இருக்காது. நவம்பர் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மையத்தில் சோதனை கெடுபிடியாக இருக்கும். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள். கைக்கடிகாரம், வளையல், தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். திருமண மோதிரம், நிச்சயதார்த்த மோதிரம் தவிர வேறு நகை கூடாது என்பதுதான் விதி. தாலியைக் கழற்ற விருப்பமில்லை என்றால் அன்று வாசலில் வாதாடாமல் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு விஷயம். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு சுருங்கிவிட்டது. மொத்தம் 1 மணி 58 நிமிடம், இடைவேளை கிடையாது. முதலில் 30 நிமிடக் கட்டுரை ஒன்று. குவான்ட் இரண்டு பகுதி: 12 கேள்விக்கு 21 நிமிடம், 15 கேள்விக்கு 26 நிமிடம். வெர்பலில் 12-க்கு 18, 15-க்கு 23. முதல் பகுதியில் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவது பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். ஆகவே முதல் 12-இல் கவனக்குறைவால் விடும் தவறுகளுக்கு விலை அதிகம். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

இடிஎஸ் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் இரண்டு இலவசம். ஒன்றை இந்த வாரக் கடைசியிலேயே எழுதிப் பாருங்கள், மற்றதைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு. நம் ஊர் பொறியியல் பட்டதாரிகள் குவான்ட்டில் தெரியாததால் தவறுவது குறைவு, அவசரத்தால் தவறுவதுதான் அதிகம். இரண்டு அளவுகளில் எது பெரியது என்று கேட்கும் கேள்வியில் 2, 3 என்று போட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். 0, மைனஸ் எண், 1-க்குக் குறைந்த பின்னம் மூன்றையும் போட்டால் பதில் மாறலாம். வெர்பலில் மூவாயிரம் சொல் மனப்பாடம் செய்ய இப்போது நேரமில்லை. வாசிப்புக் கேள்விகளில் அந்த நேரத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று இடங்களை நிரப்பும் கேள்வியில் ஒன்று தவறினாலும் முழுக் கேள்வியும் போச்சு, அதில் நிமிடக்கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜிஆர்இ கவலையில் மறந்துவிடக்கூடியது சிபாரிசுக் கடிதம். ஊரில் உள்ள பேராசிரியர்களின் கல்லூரி மெயில் முகவரியை வாங்கி, போர்ட்டலிலிருந்து அழைப்பை இப்போதே அனுப்புங்கள். நவம்பர், டிசம்பரில் அங்கே செமஸ்டர் தேர்வு நெருக்கடி. இன்னொன்று, எச்-4-இல் இருந்தபடியே முழுநேரம் படிக்கலாம், ஆனால் படிப்பை வைத்துக் கிடைக்கும் வேலை அனுமதிகள் மாணவர் விசாவான எஃப்-1-க்குத்தான். பல்கலைக்கழகத்திலேயே சம்பளத்தோடு உதவியாளராக வேலை செய்யும் அசிஸ்டன்ட்ஷிப் எதிர்பார்த்தால் அட்மிஷன் வந்த கையோடு விசா மாற்றம் பற்றிப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசுங்கள்.

எல்லாம் அனுப்பிய பிறகும் போர்ட்டலில் ஸ்கோர் வரவில்லை என்றே காட்டினால், முதலில் இடிஎஸ் கணக்கில் அது எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதியில் போனது என்று பாருங்கள். அதிலிருந்து ஐந்து வேலைநாள் பொறுத்து, இடிஎஸ்ஸில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, தேர்வு எழுதிய தேதி, ரெஜிஸ்ட்ரேஷன் எண், விண்ணப்ப எண் ஐந்தையும் ஒரே மெயிலில் எழுதி கிராஜுவேட் அட்மிஷன் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அதற்குள் டெட்லைன் வந்துவிடும் என்றால் பொறுக்காமல் உடனே அனுப்பலாம். இடிஎஸ் கணக்கிலிருந்து இறக்கிய ஸ்கோர் பிடிஎஃப்-ஐயும் இணையுங்கள். பெரும்பாலும் பெயர் பொருந்தாமல் தனியாகக் கிடக்கும் ஸ்கோர்தான், தேடி எடுத்துச் சேர்த்துவிடுவார்கள்.