நடுவும் பழுத்ததா? மின் உலையில் ஸ்லாப் காய்ச்சுவது பற்றி வாசகர் கேள்வி–பதில்

தடித்த எஃகுத் தகடு உருட்டும் பிளேட் மில்லுக்குப் போகும் ஸ்லாப்பை (தட்டையான, கனத்த எஃகுப் பாளத்தை) மின்சாரத்தில் காய்ச்சுபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸ் அளவில்.

கேள்வி: எங்கள் மின்தடை உலையில் எல்லா மண்டலங்களும் 1,250 டிகிரி காட்டுகின்றன. ஆனாலும் 220 மி.மீ. ஸ்லாப் மில்லுக்குள் போனதும் மோட்டார் சுமை எதிர்பார்த்ததைவிட எகிறுகிறது. உலை சரியாக இருக்கும்போது ஸ்லாப் எப்படிக் காயாமல் போகும்?

பதில்: திரையில் நீங்கள் பார்ப்பது தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியின் முனை வெப்பநிலை. எலிமென்ட் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி அல்லது தண்டு), சுவர், ஸ்லாப் மூன்றிலிருந்தும் வரும் கதிர்வீச்சைக் கலந்து வாங்கும் முனை அது. ஸ்லாப்பின் நடுவில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உலை 1,250, ஸ்லாப் மேற்பரப்பு 1,200 என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோவாட் வெப்பம் எஃகுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் எஃகின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 30 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கமும் சூடேறும் 220 மி.மீ. ஸ்லாப்பில் இதற்கு மேற்பரப்புக்கும் நடுவுக்கும் 55 முதல் 60 டிகிரி வித்தியாசம் வேண்டும். அதாவது மேல் 1,200 என்றால் நடு 1,140-தான். எரிவாயுவானாலும் மின்சாரமானாலும் இது மாறாது. வெப்பம் எங்கிருந்து வந்தாலும் எஃகு தன் வேகத்தில்தான் உள்ளே கடத்தும்.

இந்த வித்தியாசத்தைக் கரைப்பது சோக்கிங் நேரம், அதாவது ஸ்லாப்பை அதே சூட்டில் ஊறவிடும் நேரம் மட்டுமே. மேற்பரப்பை நிலையாக வைத்துக்கொண்டால், 220 மி.மீ. கனத்தில் வித்தியாசம் பத்தில் ஒரு பங்காகக் குறைய அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இந்த நேரம் கனத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். கனம் ஒன்றரை மடங்கானால் நேரம் இரண்டே கால் மடங்கு. 220-க்கு எழுதிய சோக்கிங் நேரத்தைக் கனத்தின் விகிதத்தில் மட்டும் கூட்டி 300 மி.மீ. ஸ்லாப்புக்கும் ஓட்டுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

உற்பத்தி பிந்துகிறது என்று சோக்கிங் நடக்கும் கடைசி மண்டலத்தின் செட் பாயிண்டை (உலைக்கு நாம் குறித்துவைக்கும் வெப்பநிலையை) ஏற்றுவது அடுத்த தவறு. மேற்பரப்பு இன்னும் சூடாகும், நடுவுக்கும் மேலுக்கும் இடைவெளி கூடும், ஸ்கேல் (மேற்பரப்பில் படியும் இரும்பு ஆக்சைடு அடுக்கு) தடிக்கும். சோக்கிங் மண்டலத்தை வெளியேறும் இலக்கைவிட 10–20 டிகிரி மட்டும் மேலே வைத்துவிட்டு, முன் மண்டலங்களில் கூடுதல் மின்சாரம் கொடுங்கள்.

மின் உலையில் ஒரு வசதி உண்டு. உலையை வெறுமையாக, சோக்கிங்குக்கு வைக்கும் அதே வெப்பநிலையில் நிலைநிறுத்தி, ஒவ்வொரு மண்டலமும் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று ஒருமுறை குறித்து வையுங்கள். அது சுவர் வழியாகப் போகும் இழப்பு. ஸ்லாப் உள்ளே இருக்கும்போது சோக்கிங் மண்டலத்தின் மீட்டர் அந்த எண்ணுக்கு அருகில் இறங்கிவிட்டால் நடுவும் பழுத்துவிட்டது என்று கொள்ளலாம். இன்னும் கணிசமாக மேலே நின்றால் எஃகு இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். எரிவாயு உலையில் இவ்வளவு துல்லியமாக இதைப் படிக்க முடியாது.

கேள்வி: போகி உலையில் (தரையே வண்டியாக வெளியே வரும் உலை) ஸ்லாப்பை நேரடியாகத் தரைமேல் வைக்கிறோம். ரோலிங்கில் பிளேட்டின் முனை கீழ்நோக்கி வளைந்து ரோலர் மேசையில் முட்டுகிறது. மேலும் கீழும் ஒரே நேரம்தானே காய்கின்றன?

பதில்: நேரம் ஒன்றுதான், வெப்பம் ஒன்றல்ல. தரையில் ஒட்டிப் படுத்த ஸ்லாப் ஒரு பக்கம் மட்டுமே வெப்பம் வாங்குகிறது. அதே வேகத்தில் சூடேற அந்த ஒரு பக்கத்தில் இரு மடங்கு வெப்பம் இறங்க வேண்டும். அது கடக்க வேண்டிய தூரமும் இரு மடங்கு. ஆக, வித்தியாசம் நான்கு மடங்காகிறது. சூடான பக்கம் மென்மையாக இருப்பதால் அதிகம் நீள்கிறது. பிளேட் பொதுவாகக் குளிர்ந்த பக்கம் நோக்கி வளைகிறது. கீழே குளிர்ந்தால் முனை கீழே போகும். மேல்–கீழ் உருளைகளின் விட்டமும் வேகமும்கூட இதில் விளையாடும். ஆனால் வளைவு ஒவ்வொரு ஸ்லாப்பிலும் ஒரே திசையில் வந்து, கூடுதல் நேரம் ஊறிய ஸ்லாப்பில் மட்டும் குறைந்தால், உருளையை விட்டுவிட்டு உலையைப் பாருங்கள்.

ஸ்லாப்பைத் தாங்கிகள் மேல் தூக்கி வையுங்கள். அடியிலும் எலிமென்ட் இருக்க வேண்டும். தாங்கி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் தாங்கி தொடும் இடம் நிழல். அங்கே ஒரு குளிர்ந்த பட்டை விழுந்து, பிளேட்டில் அந்த இடம் தடித்து வரும். ஸ்லாப்பைத் தாங்கும், உள்ளே நீர் ஓடும் ஸ்கிட் குழாய் உள்ள உலைகளில் இது இன்னும் கடுமை: குழாய்மேல் போர்த்திய காப்பு உடைந்து விழுந்தால் உடனே தெரியும். கனத்தைத் தானாகத் திருத்தும் அமைப்பு பிளேட்டின் நீளத்தில் சீரான இடைவெளியில் மேலும் கீழும் ஆடுகிறதா பாருங்கள். அந்த இடைவெளியை ஸ்லாப் நீண்ட விகிதத்தால் வகுத்தால் ஸ்கிட் இடைவெளி வர வேண்டும். வந்தால் குற்றவாளி அதுதான்.

பிளேட் பக்கவாட்டில் வாள்போல வளைந்தால், மேல்–கீழ் அல்ல, இடது–வலது வித்தியாசம். கதவுப் பக்கம் குளிர்கிறதா, அந்தப் பக்க எலிமென்ட் குழு பலவீனமாகிவிட்டதா என்று தேடுங்கள்.

கேள்வி: காயில் (கம்பிச் சுருள்) எஃகுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடேற்றும் இண்டக்ஷனில் வெப்பம் எஃகுக்குள்ளேயே பிறக்கிறது. அப்படியானால் நடுவும் உடனே காய வேண்டாமா? எந்த அதிர்வெண் சரி?

பதில்: உள்ளே பிறக்கிறது, நடுவில் பிறப்பதில்லை. மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டிய ஓர் அடுக்கில்தான் ஓடும். அதன் ஆழத்தை, அதாவது ஊடுருவல் ஆழத்தை, அதிர்வெண், மின்தடைத்திறன், காந்த ஊடுதிறன் மூன்றும் தீர்மானிக்கின்றன. 50 ஹெர்ட்ஸில், குளிர்ந்த எஃகில் இந்த ஆழம் ஒரு சில மில்லிமீட்டர்தான். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தன்மையை இழந்ததும் ஆழம் ஒரேயடியாகத் தாவி, 1,200 டிகிரியில் ஏறத்தாழ 78 மி.மீ. ஆகிறது. 60 ஹெர்ட்ஸில் 71. 1,000 ஹெர்ட்ஸில் வெறும் 17.

220 மி.மீ. ஸ்லாப்பை 1,000 ஹெர்ட்ஸில் காய்ச்சினால் 17 மி.மீ. தோலை மட்டும் சுடுகிறீர்கள். மீதியெல்லாம் கடத்தலில்தான் போக வேண்டும். அதற்காக அதிர்வெண்ணை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. கனம் ஊடுருவல் ஆழத்தைப்போல இரண்டரை மடங்குக்குக் கீழே போனால், இரு பக்க மின்னோட்டங்களும் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும், திறன் சரியும். 220-ஐ 78-ஆல் வகுத்தால் 2.8. கனமான ஸ்லாப்புக்கு மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணே பொருந்துவது இதனால்தான்.

ஓரங்கள் தனிக் கதை. கனத்தை ஊடுருவல் ஆழத்தால் வகுத்துவரும் விகிதம் 5-க்கு மேல் இருக்கும்போது ஓரம் மூன்று பக்கமும் வெப்பம் வாங்கி மிஞ்சிக் காயும். 3-க்குக் கீழே மின்னோட்டம் ஓரத்தைத் தொடாமலே திரும்பிவிடும், ஓரம் குளிரும். ஆகவே ஒரே ஸ்லாப், ஒரே 50 ஹெர்ட்ஸ் காயிலில், தொடக்கத்தில் ஓரம் சூடாகவும் முடிவில் ஓரம் குளிர்ந்தும் இருக்கும். கடைசியில் ஓரங்களுக்கு மட்டும் உயர் அதிர்வெண்ணில் சிறிது கொடுப்பது, அல்லது காயிலுக்குப் பின் ஒரு சோக்கிங் உலையில் விடுவது என்று இரண்டு வழிகள் உண்டு.

இன்னொரு பொறி: காயிலின் சுற்றுப்புறம் ஸ்லாப்பைவிடக் குளிர்ந்தது. 1,200 டிகிரியில் வெறுமையான மேற்பரப்பு சதுர மீட்டருக்கு 200 கிலோவாட்டுக்கு மேல் வெளியே வீசும். அதனால் கடைசிக் கட்டத்தில் உச்ச வெப்பநிலை மேற்பரப்பில் இல்லை. சற்று உள்ளே இருக்கிறது. பைரோமீட்டர் (தொடாமல், ஒளியைக் கொண்டு வெப்பநிலை அளக்கும் கருவி) மேல்தோலைப் பார்த்து 1,200 என்னும்போது அடியில் அதைவிடக் கூடியிருக்கும். காயிலின் உட்பக்கக் காப்பு தேய்ந்துபோனால் இது மோசமாகும்.

எங்கள் கருத்தில் சிக்கனமான ஏற்பாடு இரண்டையும் சேர்ப்பதுதான். எஃகு காந்தமாக இருக்கும்வரை, அதாவது சுமார் 700 டிகிரி வரை, காயில் நல்ல திறனோடு வேலை செய்யும், அதுவரை இண்டக்ஷன். மிச்சத்தை மின்தடை உலையில், பொறுமையாக. எப்படிக் காய்ச்சினாலும் 1,200 டிகிரிக்கு எஃகு உள்ளே வாங்குவது டன்னுக்கு ஏறத்தாழ 225 யூனிட். மீட்டரில் அதற்கு மேல் ஓடுவதெல்லாம் இழப்பு.

கேள்வி: சிலிக்கன் கார்பைடு எலிமென்ட் ஒன்று உடைந்தது, புதிது போட்டோம். ஒரே மாதத்தில் பக்கத்தில் உள்ளவை போய்விட்டன. எலிமென்ட் தரம் குறைவா?

பதில்: தரம் அல்ல, வயது. இந்த எலிமென்ட் பழகப் பழக மின்தடை கூடும். பழையதோடு புதிதைத் தொடரிணைப்பில் சேர்த்தால் மின்தடை கூடிய பழையதே அதிகம் சூடாகி முதலில் சாகும். பக்கஇணைப்பில் சேர்த்தால் புதியது மிஞ்சி இழுக்கும். குழுவாகவே மாற்றுங்கள். கழற்றியவற்றில் நல்லதை மின்தடை அளந்து, எழுதி, ஒத்தவற்றோடு சேமியுங்கள். மின்தடை கூடக்கூட அதே மின்னழுத்தத்தில் வாட் குறையும் என்பதால், டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (மின்னழுத்தத்தை மாற்றும் இணைப்பை) அவ்வப்போது உயர்த்த வேண்டியிருக்கும். அதை மறந்த மண்டலம் அமைதியாகப் பலவீனமாகி, மேலே சொன்ன வாள் வளைவில் வந்து நிற்கும்.

கேள்வி: நெருப்பே இல்லாத உலையில் எதற்கு ஸ்கேல்?

பதில்: கதவு திறக்கிறதே! காற்று போதும். எரிபுகையின் நீராவி இல்லாததால் குறைவாக இருக்கலாம், இல்லாமல் போகாது. 1,000 டிகிரிக்கு மேல் வளர்ச்சி வேகமெடுக்கும். சிலிக்கன் கலந்த எஃகில் 1,177 டிகிரியில் இரும்பு ஆக்சைடும் ஃபயலைட்டும் (இரும்பு சிலிகேட்) சேர்ந்து உருகி எஃகின் மேற்பரப்புக்குள் வேர் விடும். அதைக் கடந்தபின் உயர் அழுத்த நீராலும் ஸ்கேல் சுத்தமாக உரியாது, பிளேட்டில் சிவப்புத் திட்டு நிற்கும். நைட்ரஜன் செலுத்தலாம், ஆனால் முதலில் எலிமென்ட்டின் வகையைப் பாருங்கள்: இரும்பு–குரோமியம்–அலுமினியக் கம்பியும் மாலிப்டினம் டைசிலிசைடும் ஆக்சிஜனால் உண்டாகும் காப்புப் படலத்தை நம்பியவை. உலர் நைட்ரஜனில் அவற்றின் வெப்பநிலை வரம்பு இறங்கும். உதிர்ந்த ஸ்கேல் அடி எலிமென்ட் மேல் விழாமல் மூடுதகடு போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கூட்டிவிடுங்கள்.

கேள்வி: ஸ்லாப்பின் உள் வெப்பநிலையை நேரில் அளப்பது எப்படி?

பதில்: ஒரு ஸ்லாப்பைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். மேல்பரப்பிலிருந்து 20 மி.மீ. கீழே, நடு, அடிப்பரப்பிலிருந்து 20 மி.மீ. மேலே என மூன்று மட்டம். தலை, நடு, வால் என மூன்று இடம். ஆக ஒன்பது. பத்தாவதைத் தாங்கிக்கு நேர் மேலே வையுங்கள். துளையை மேலிருந்து போடாமல் பக்கவாட்டிலிருந்து, குறைந்தது 150 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். மேலிருந்து போட்டால் தெர்மோகப்பிள் உறையே வெப்பத்தைக் கீழே கடத்தி, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். முனை துளையின் அடியைத் தொட வேண்டும். வாயைக் காப்புச் சிமென்ட்டால் அடையுங்கள். ஒருமுறைச் சோதனைக்கு ‘N’ வகைத் தெர்மோகப்பிள் போதும். ‘K’ வகையின் அளவு 1,000 டிகிரிக்கு மேல் நீண்ட நேரத்தில் நகர்ந்துவிடும். போகி உலையில் கம்பியைக் கதவு வழியே எடுக்கலாம். ஸ்லாப் நகரும் உலையில், நீர் கொதித்து 100 டிகிரியில் பிடித்து நிறுத்தும் காப்புப் பெட்டிக்குள் பதிவுக் கருவியை வைத்து ஸ்லாப்போடு அனுப்ப வேண்டும்.

பைரோமீட்டரை உலைக்குள் நம்பாதீர்கள். சுவரின் ஒளி ஸ்லாப்பில் பட்டுத் திரும்பி எண்ணைக் கூட்டும். ஸ்கேல் உரித்து, உருளைகளுக்கிடையே முதல் பாஸ் முடிந்த பின் காட்டுவதே ஒப்பிடத் தகுந்தது.

கேள்வி: நடு 30 டிகிரி குறைந்தால் என்ன குடி மூழ்கிவிடும்?

பதில்: சாதாரண எஃகில் மோட்டார் முனகும், அவ்வளவே. நியோபியம் சேர்த்த எஃகில் வலிமையே போகும். 0.10% கார்பன், 0.03% நியோபியம் உள்ள எஃகில் நியோபியம் முழுவதும் கரைய ஏறத்தாழ 1,150 டிகிரி வேண்டும், 0.04% என்றால் 1,185. நடு 1,130-ல் நின்றால் காசு கொடுத்துப் போட்ட நியோபியத்தில் ஒரு பங்கு கரையாமல், பயன்படாமல் கிடக்கும். அதற்காக எல்லாவற்றையும் 1,280-க்கு ஏற்றினால் எஃகின் படிக மணிகள் பருக்கும். பழைய இரும்பிலிருந்து வார்த்த எஃகானால் செம்பும் இருக்கும்: இரும்பு ஆக்சைடாகிப் போகப்போகச் செம்பு ஸ்கேலுக்கு அடியில் சேர்ந்து, 1,085 டிகிரிக்கு மேல் உருகி மணி எல்லைகளில் நுழைந்து, ரோலிங்கில் மேற்பரப்பைக் கிழிக்கும்.

கேள்வி: மில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. உலையை என்ன செய்வது?

பதில்: அரை மணிக்குள் என்றால் தொடாதீர்கள். அதற்கு மேல் என்றால் எல்லா மண்டலங்களையும் 1,080 அளவுக்கு இறக்குங்கள். ஸ்கேல் வளர்வது குறையும். மறுபடி ஏற்றும்போது 220 மி.மீ. ஸ்லாப்புக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்க வேண்டும். அதில் பாதி சோக்கிங்குக்கு. ஆகவே மில் எப்போது தயாராகும் என்பதை ஃபிட்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். மில் ஓடத் தொடங்கிய பிறகு செட் பாயிண்டை ஏற்றினால், முதல் நான்கைந்து ஸ்லாப்கள் மேலே சிவந்து நடுவில் விறைத்துத்தான் வெளியே வரும்.