அம்மாவுக்குப் பிள்ளைகளே இரத்தம் கொடுப்பதுதான் பாதுகாப்பா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இரண்டு யூனிட் இரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள். முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தத்தைவிட, நானும் தம்பியும் கொடுத்து அதையே ஏற்றச் சொல்வதுதானே பாதுகாப்பு? இன்னொரு சந்தேகம். இரத்த வங்கியின் படிவத்தில் அந்தரங்கமான கேள்விகள் நிறைய இருக்கின்றன. எப்படியும் பரிசோதிக்கத்தானே போகிறார்கள், பிறகு எதற்கு இந்த விசாரணை? தம்பி மூன்று வாரத்துக்கு முன் கையில் பச்சை குத்திக்கொண்டான். அதை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எழுத வேண்டாம் என்கிறான்.

பதில்: உங்கள் தம்பி இப்போது இரத்தம் கொடுக்கக் கூடாது. நீங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அது உங்கள் அம்மாவுக்கென்று ஒதுக்கப்படாமல் வங்கியின் பொது இருப்பில் சேர்வதுதான் அவருக்கே நல்லது. இந்த மூன்றாவது விஷயம் பலருக்கும் விசித்திரமாகப் படும் என்பதால் அதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். முதலில் தம்பியின் கணக்கைப் பார்ப்போம்.

கொடையாகப் பெறும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் ஆகிய நான்குக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. மலேரியா பரவும் பகுதிகளில் அதற்கும் பார்க்கிறார்கள். பரிசோதனைகள் தரமானவைதாம். சிக்கல் பரிசோதனையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கிருமி உடலுக்குள் நுழைந்த நாளுக்கும், பரிசோதனைக் கருவியின் கண்ணில் அது படும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. சாளரக் காலம் என்று அதைச் சொல்வோம். அந்த நாட்களில் கொடையாளருக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். முடிவும் ‘இல்லை’ என்றே வரும். இரத்தம் மட்டும் நோயைக் கொண்டுபோகும்.

கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். வைரஸின் மரபணுப் பொருளையே நேரடியாகத் தேடும் ‘நாட்’ பரிசோதனை வந்தபின் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. எச்.ஐ.வி.க்குப் பத்து நாள் அளவு, ஹெபடைடிஸ் சி-க்கு ஒரு வாரம் அளவு. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு ‘நாட்’ இருந்தும் மூன்று வாரம் வரை நழுவும் வாய்ப்பு உண்டு. அதோடு ‘நாட்’ எல்லா வங்கிகளிலும் இல்லை.

இப்போது தம்பியைப் பாருங்கள். பச்சை குத்தி மூன்று வாரம். ஊசியோ மையோ தூய்மையாக இல்லாமல் போயிருந்து ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தால், ஆன்டிபாடி மட்டும் பார்க்கும் வங்கியில் அது தெரியவே தெரியாது. பெரும்பாலும் அவருக்கு ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஒருவரின் நரம்பில் ஏற்ற முடியாது. காத்திருப்புக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் மூன்று மாதம், சில இடங்களில் ஓராண்டு. அது கழிந்ததும் அவர் நிம்மதியாகக் கொடுக்கலாம். தள்ளிவைப்பது தண்டனை அல்ல, அவருடைய ஒழுக்கத்துக்குத் தரும் மதிப்பெண்ணும் அல்ல.

படிவத்தின் அந்தரங்கக் கேள்விகளும் இதற்காகத்தான். பரிசோதனைக்குத் தெரியாத நாட்களைக் கொடையாளர் ஒருவரால்தான் சொல்ல முடியும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து தொற்றை முழுமையாகத் தடுக்காமல் அடக்கி மட்டும் வைத்திருந்தால், பரிசோதனை முடிவு இன்னும் தாமதமாகவே வெளிப்படும். ‘நமக்கு ஏதாவது இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்வோம்’ என்று இரத்தம் கொடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர் போக வேண்டிய இடம் பரிசோதனைக்கூடம், இரத்த வங்கி அல்ல. இதைவிட எரிச்சலூட்டும் சிக்கனம் வேறில்லை.

எல்லாக் கேள்வியும் கிருமியைப் பற்றியதும் அல்ல. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தம் கர்ப்பிணிக்கு ஏறினால் கருவைப் பாதிக்கலாம் என்பதால், மருந்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்தே எடுப்பார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவரின் தட்டணுக்கள், அதாவது இரத்தம் உறைய உதவும் அணுக்கள், ஒட்டும் திறனை இழந்திருக்கும். அவற்றை ஏற்றினாலும் இரத்தக்கசிவு நிற்காது. சொத்தைப் பல் பிடுங்கிய மறுநாள், வயிற்றுப்போக்கு நின்ற மறுநாள் வருபவரின் இரத்தத்தில் பாக்டீரியா இருக்கலாம். சிவப்பணுக்களைக் குளிரில் வைக்கிறோம், அதனால் பாக்டீரியா எளிதில் பெருகாது. தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், அசைத்துக்கொண்டே சில நாட்கள் வைக்கிறோம். கிருமிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஊசி குத்தியதும் வரும் முதல் சில மில்லிலிட்டர் இரத்தத்தைத் தனிச் சிறு பைக்குத் திருப்பிவிடுவதும் இதனால்தான். தோலிலிருந்து ஊசியோடு போகும் கிருமிகள் பெரும்பாலும் அதில் தங்கிவிடும், பரிசோதனைக்கான மாதிரியும் அதிலிருந்தே கிடைக்கும்.

சரி, உங்கள் இரத்தத்தையே அம்மாவுக்கு ஏற்றினால் என்ன? சிவப்பணுப் பையில் கொடையாளரின் வெள்ளை அணுக்களும் கொஞ்சம் கலந்திருக்கும். அந்நியருடையவை என்றால் நோயாளியின் உடல் அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடும். பெற்ற பிள்ளையின் அணுக்கள் சில வேளை அவருடையவை போலவே தோன்றுவதால் உடல் அவற்றை விட்டுவிடும். ஆனால் அந்த அணுக்கள் அவரை விட்டுவைப்பதில்லை. தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கும். மிக அரிதாகவே நடக்கும், ஆனால் நடந்தால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்பதில்லை. இரத்த உறவினரின் இரத்தத்தை ஏற்றியே ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே இரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்து அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அந்த வசதி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். மனைவி குழந்தை பெறும் வயதில் இருந்தால் கணவரின் இரத்தத்தையும் தவிர்ப்போம். அதற்குக் காரணம் வேறு: கணவரின் அணுக்களுக்கு எதிராக மனைவியின் உடலில் உருவாகும் ஆன்டிபாடி, பின்னாளில் வயிற்றில் வளரும் குழந்தையைத் தாக்கலாம்.

இன்னொரு காரணம் எந்தப் பாடநூலும் அழுத்திச் சொல்லாமலேயே புரியக்கூடியது. குடும்பமே கூடி நிற்கும்போது ‘நீ ஏன் கொடுக்கவில்லை?’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்வது எளிதா? உங்கள் தம்பி பச்சை குத்தியதையே மறைக்கப் பார்க்கிறார். மறைக்க இதைவிடப் பெரிய விஷயம் உள்ளவர் என்ன செய்வார்? பணமும் வாங்காமல், யார் நெருக்குதலும் இல்லாமல், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தானாகவே வந்து கொடுப்பவருக்குப் பொய் சொல்லத் தேவையே இல்லை. அவருடைய இரத்தம் பலமுறை பரிசோதிக்கப்பட்டும் இருக்கும். நீங்கள் பயப்படும் அந்த முகம் தெரியாதவர் பெரும்பாலும் இவர்தான்.

உங்களிடம் ஒரு மாதம் இருக்கிறது. அம்மாவின் ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்தையும் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையாகவோ ஊசியாகவோ இரும்புச்சத்து கொடுத்து ஏற்ற இந்த அவகாசம் உதவும். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் அம்மாவுக்குப் பொருந்துமா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்பு மூட்டு அறுவையில் அது பரவலாகப் பயன்படுகிறது. இரண்டு யூனிட்டும் தேவைப்படாமலே போகலாம். ஏற்றாத இரத்தத்தைவிடப் பாதுகாப்பான இரத்தம் எனக்குத் தெரிந்து கிடையாது.

நீங்கள் கொடுத்துவிட்டு வந்த சில நாட்களில் காய்ச்சல் வந்தாலோ, படிவத்தில் சொல்லாத ஏதோ ஒன்று உறுத்தினாலோ வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். யூனிட்டைத் தேடி எடுத்து விலக்கிவிடுவார்கள், திட்ட மாட்டார்கள். அறுவை நாளில் வேறொரு வேலை இருக்கிறது. பெயரோ எண்ணோ மாறி, ஒருவருக்கான பை இன்னொருவருக்கு ஏறுவது கிருமிகளைவிட அவசரமான ஆபத்து. வேறு வகை இரத்தம் ஏறினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். பையைத் தொங்கவிடும் முன் செவிலியர் அம்மாவின் பெயர், பிறந்த தேதி, மணிக்கட்டுப் பட்டையில் உள்ள எண், பையின் சீட்டு ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். ஒப்பிடவில்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள். முதல் 15 நிமிடம் யாராவது அருகிலேயே இருங்கள். அம்மாவுக்குக் குளிர் நடுக்கம், கீழ்முதுகு வலி, மூச்சுத்திணறல் என்று எது தொடங்கினாலும் உடனே செவிலியரை அழைத்து இரத்தம் ஏறுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.