ஒரு மோசமான இன்டர்வியூவுக்காக மகளை ஊருக்குக் கூப்பிட வேண்டாம்

வணக்கம் சார். மகளைப் பெங்களூரிலிருந்து சேலத்துக்கே வரச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

பிடிஎம் லேஅவுட்டில் பஸ் பிடித்து, சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வொயிட்ஃபீல்டுக்கு இன்டர்வியூ போன உங்கள் பெண்ணை மதியம் வரை ரிசப்ஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒருவர் லேப்டாப்பிலிருந்து தலையே தூக்கவில்லை. இன்னொருவர் காலேஜ் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தாராம். அப்புறம், "கல்யாணம் எப்போ?" வேண்டுமென்றே நெருக்கடி கொடுத்துச் சோதிக்கிற இதற்கு ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ என்று பெயர் வேறு. என்னைக் கேட்டால் பெரும்பாலும் வெறும் மரியாதைக் கேடுதான்.

ஆனால் சிரித்தது அவர்கள் லட்சணம். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற எஸ்க்யூஎல் மொழி பற்றிய கேள்வியில் இவள் தடுமாறியது வேறு. இரண்டும் சேர்ந்துகொண்டுதான் "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று அழ வைக்கிறது. கேட்ட கேள்விகளை ஞாபகம் இருக்கும்போதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கேள்விகளை மட்டும், யார் எப்படி முறைத்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம். எஸ்க்யூஎல்லில் டேபிள்களை இணைக்கிற லெஃப்ட் ஜாயின், இன்னர் ஜாயின் வித்தியாசம் இரண்டு சின்ன டேபிள் போட்டு ஓட்டிப் பார்த்தால் ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

கல்யாணக் கேள்வி மறுபடி வரும். "அதனால் வேலைக்கு ஒரு பாதிப்பும் வராது சார், என் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லட்டுமா?" என்று திருப்பிவிட்டால் போதும். ஆபாசப் பேச்சோ தொடுதலோ இருந்தால் கதையே வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வேலை பார்க்காத பெண்ணுக்கும் பொருந்தும். இன்டர்வியூவுக்குப் போனவளும் மூன்று மாதத்துக்குள் அந்தக் கம்பெனியில் இந்தப் புகார்களை விசாரிக்கிற உள் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். அப்படி ஏதாவது நடந்ததா என்று அவளிடம் நிதானமாகக் கேட்கும்படி அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

மற்றபடி லிங்க்ட்இனில் திட்டி எழுதுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எச்ஆருக்கு நாலு வரி மெயில் போடலாம்: காக்க வைத்தது, கேட்ட கேள்வி, விண்ணப்பத்தை விலக்கிக்கொள்வது.

அடுத்த இன்டர்வியூ எலக்ட்ரானிக் சிட்டியில் என்றீர்கள். 2025 ஆகஸ்டிலிருந்து பிடிஎம் லேஅவுட்டிலிருந்தே மஞ்சள் லைன் மெட்ரோ ஓடுகிறது. போகும் அலைச்சல் பாதி குறையும். எத்தனை ரவுண்டு, எவ்வளவு நேரம் என்று முந்தின நாளே எச்ஆரிடம் கேட்டுவிடட்டும். பதில் சொல்கிற தோரணையிலேயே அந்த இடம் ஓரளவு தெரிந்துவிடும். டெபாசிட் கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ போகவே வேண்டாம்.

அன்றைக்கு மட்டும் மதியமே போன் போட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள் சார். ரிசல்ட் பெரும்பாலும் அன்றே சொல்ல மாட்டார்கள்.