‘ஐவ் பீன் வொர்க்கிங் ஆன் த ரெயில்ரோடு’ பாடலை இயற்றியவர்கள் ரயில் தொழிலாளர்களா?

நாள் முழுதும் ரயில் பாதையில் வேலை செய்வதாகத் தொடங்கும் இந்த அமெரிக்கச் சிறுவர் பாடல், தண்டவாளம் போட்டவர்களின் வாயிலிருந்தே பிறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுடைய உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் இன்று குழந்தைகள் பாடும் வடிவத்தை உருவாக்கியவை மேடையும் கல்லூரியும்தான் என்பது என் கருத்து.

அச்சில் நாம் காணும் மிகப் பழைய வடிவம், 1894-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பாடல் தொகுப்பில் ‘லெவி சாங்’, அதாவது ஆற்றங்கரைப் பாட்டு, என்ற தலைப்பில் வெளிவந்தது. அதில் சொற்களெல்லாம் கறுப்பின மக்களின் பேச்சைப் பகடி செய்யும் எழுத்துக்கூட்டலில் அச்சிடப்பட்டிருந்தன. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடித்துப் பாடிய ‘மின்ஸ்ட்ரல்’ நிகழ்ச்சிகளின் வழக்கம் அது. 1903-இல் இதே மெட்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாடல் முதன்முதலில் அரங்கேறியதும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றில்தான்.

சமையலறையில் டைனாவுடன் யாரோ இருப்பதாக வரும் பகுதியோ தனியே வழங்கிவந்த இன்னும் பழைய மேடைப் பாட்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அதன் ஒரு வடிவம் லண்டனில் அச்சாகிவிட்டது. டைனா என்பது அடிமைப் பெண் எவரையும் குறிக்க அக்காலத்தில் பொதுவாக வழங்கிய பெயர். பாடலின் இன்னோர் அடியில் கொம்பை ஊதச் சொல்லப்படும் டைனா ரயில் எஞ்சின் என்பாரும், சாப்பாட்டு வேளையை அறிவிக்கும் சமையற்காரி என்பாரும் உண்டு. எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் அதற்கு முந்தைய அடிகளில் விடியற்காலையில் எழுப்பும் ஊதலும் ‘கேப்டனின்’ கூச்சலும் வருகின்றன. தென் மாநிலங்களில் வேலைக்கூட்டத்தின் மேற்பார்வையாளரைக் கேப்டன் என்றே அழைத்தார்கள்.

தண்டவாளத் தொழிலாளர்கள் உண்மையில் பாடியவை வேறு வகை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து, தாளம் விழும் நொடியில் ஒன்றாக நெம்புவார்கள். மூச்சுக்கும் தசைக்கும் ஏற்ப அடிகள் சிறியவையாக இருக்கும். நீண்டு இழையும் இந்தப் பாடலின் மெட்டை வைத்துக்கொண்டு ஓர் அங்குலம்கூட நெம்ப முடியாது. அந்த உழைப்பாளிகளின் குரலைக் கேட்க விரும்பினால், 1930-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் செய்த ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள்.