பல் பிரச்சினை எந்தக் கட்டத்தில் ஆபரேஷன் வரை போகும்?

வலி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும் சொத்தைப்பல் பல நேரம் வேர் சிகிச்சையோடு (ரூட் கெனால்) சரியாகிவிடும். துளி வலிகூடத் தராத நீர்க்கட்டி தாடை எலும்பை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும், வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் வெளியே தெரியும்.

ஆபரேஷன் வரை கொண்டுபோவதில் முதல் ஆள் கீழ்த்தாடை ஞானப்பல்தான். 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கப் பார்க்கும், இடம் இருக்காது, தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து பாதியிலேயே நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. பாதிப் பல்லை மூடியிருந்த ஈறுக்கு அடியில் சாப்பாட்டுத் துணுக்கு போய் உட்கார்ந்து, சீழ் பிடித்து, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. மாத்திரை போட்டால் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், சாய்ந்துகிடந்த இடத்தில் பக்கத்துப் பல்லுக்கும் சொத்தை ஆரம்பித்திருந்தது.

அந்த எக்ஸ்ரேயில் இன்னொன்றையும் பார்ப்பார்கள்: வேருக்கும் தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று. நரம்பு அடிபட்டால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் உணர்வு திரும்பிவிடும், ஆனாலும் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன்பே டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லைத் துண்டுதுண்டாக எடுத்துத் தையல் போடுவார்கள். அழுத்தமும் டிரில் சத்தமும்தான் தெரியும், வலி தெரியாது. பாடு அதற்கு அப்புறம்தான். குழியில் உறைந்து நிற்கும் ரத்தம்தான் புண்ணை ஆற்றும். சிகரெட், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது, அன்றைக்கே வேகமாகக் கொப்பளிப்பது எல்லாம் அதைப் பெயர்த்துவிடும். பெயர்ந்தால், மூன்றாம் நாள் வாக்கில் வலி காது வரை இழுக்கும்.

வேர் சிகிச்சை செய்தும் வேரின் நுனியில் சீழ் நிற்காவிட்டால் அந்த நுனியை மட்டும் வெட்டுவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கவோ எலும்புத் தேய்மானத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, காய்ச்சலோடு எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால் மட்டும் பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த வீக்கம் மூச்சையே அடைத்துவிடும், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடுராத்திரியாக இருந்தாலும்.